பழைய கதவின் ஈய பெயின்ட்டைச் சுரண்டுவதா, மேலே அடித்து மூடுவதா?

திருவையாறு பக்கம் எங்கள் தாத்தா வீட்டு ஜன்னலில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உற்றுப் பார்த்து எண்ணினேன். ஏழு அடுக்கு எனாமல், நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள்.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. மஞ்சளும் ஆரஞ்சும் முதல் சந்தேகம். அக்ரகாரத்து ஜன்னல் பச்சையையும் விட முடியாது, ஈயம் கலந்த குரோம் மஞ்சள் நிறமியோடு நீலம் சேர்த்துச் செய்த பச்சை உண்டு. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்.

பெயின்ட் உரியாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. தூளானால்தான் வினை. தாழ்வாரத்தில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தை உடம்பு உறிஞ்சிவிடும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. அதனால் பழைய பெயின்ட்டை என்ன செய்வது என்று யோசித்தபோது, எந்த வழியையும் நான் ஒரே கேள்வியில்தான் எடைபோட்டேன்: எவ்வளவு தூசி கிளப்பும்?

இப்போது எல்லோருக்கும் மரம் தெரிய பாலிஷ் போட ஆசை. அதற்கு மொத்தமாக உரிக்க வேண்டும். புளோ லாம்ப் என்ற தீ ஊதும் விளக்கை வைத்துச் சுட்டு உரித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஈயம் புகையாகி மூச்சோடு போகும். மெஷினில் காய்ந்தபடி தேய்ப்பதும் மோசம். முற்றம் உள்ள வீட்டில் அந்தத் தூள் நெல் குதிர்வரை போய் உட்காரும். முகத்தில் துண்டு கட்டுவது சும்மா மன ஆறுதலுக்கு. பெயின்ட்டை இளக்கும் ரிமூவர் தடவினால் தூசி இல்லை, ஆனால் ரேழி போல இருட்டறையில் அந்த நெடி ஆளையே சாய்த்துவிடும். காஸ்டிக் சோடா போட்டு உரித்தால் அது தேக்கைக் கருக்கிவிடும்.

மேலேயே புது பெயின்ட் அடித்து மூடுவது மலிவு, தூசியும் குறைவு. நான் பாதிக்கு மேல் இதைத்தான் செய்தேன். ஆனால் எல்லா இடத்திலும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு உப்பி நிலையோடு உரசும். தினமும் திறந்து மூட, அந்த விளிம்பிலிருந்து பழைய அடுக்கும் சேர்ந்து தூளாகும். ஆசாரி வந்து இழைப்புளி போட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பலகை முகத்தை மூடிவிட்டு, உரசும் விளிம்பை மட்டும் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகத் தேய்க்கச் சொன்னேன். கீழே தார்ப்பாய். சேறு போல வந்ததைத் துணியில் வழித்து மூட்டை கட்டினோம், வாழைக்கொல்லைப் பக்கம் ஒரு சொட்டு ஊற்ற விடவில்லை. அப்புறம் துடைப்பம் தொடாமல் ஈரத்துணியால் இரண்டு தடவை தரையைத் துடைத்தோம். மெதுவான வேலை. பெயின்டர் அண்ணன், "தம்பி, ஒரு நாள் கூலி கூட ஆகுமே" என்றார். சரி என்றேன்.

பொங்கலுக்கு முன்னால் முடிக்க எல்லோரும் அவசரப்படுவார்கள். மார்கழியில் மரம் இன்னும் ஈரம், மேலே அடித்த பெயின்ட் கொப்பளிக்கும். மூடுகிற வழி என்றால் மாசி, பங்குனிதான் சரி.

உளுத்துப்போன இரண்டு ஜன்னல் கதவுகளை மட்டும் மாற்றினேன். செலவு அதிகம்தான், ஆனால் சுத்தமான வழி. பழையதை வெந்நீர் அடுப்புக்குக் கேட்டார்கள், போகிக்கும் கேட்டார்கள். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும், அந்தச் சாம்பலில்தான் அத்தை பாத்திரம் துலக்குவார். இரண்டும் இன்னும் கொட்டகையில், தார்ப்பாய் சுற்றி நிற்கின்றன.