பாத்டப் மாற்றுகிறவர்கள் கவனத்திற்கு: டைல்ஸுக்குப் பின்னால் நடந்த ஏமாற்று வேலை

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் விரிசல் விட்டிருந்த பழைய பாத்டப்பை எடுத்துவிட்டுப் புதிய அக்ரிலிக் தொட்டி பொருத்தும் வேலையை, குளியலறை வேலைகளை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தோம். தரையைக் கொத்தி வேஸ்ட் பைப்பை இடம் மாற்றுவதற்கென்று மதிப்பீட்டில் தனித்தொகை எழுதி, அதை முன்பணமாகவும் அவர் வாங்கிக்கொண்டார். அந்த வேலை நடக்கவே இல்லை என்பது, கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்து பூச்சு உதிரத் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது.

பழைய தொட்டியின் வடிதுளை ஓரத்திலும் புதியதன் துளை நடுவிலும் இருந்தன. முறைப்படி, சன்கன் தளத்தின் (குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திக் கட்டிய தளம்) நிரப்பைக் கொத்தியெடுத்து, 40 மி.மீ. குழாயை மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. சரிவில் டிராப் (நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) வரை கொண்டுசென்று, இணைப்புகளைச் சால்வென்ட் சிமெண்ட் என்னும் பைப் பசையால் ஒட்டி, கொத்திய இடத்தில் மறுபடியும் வாட்டர்புரூஃபிங் செய்திருக்க வேண்டும். பக்கச்சுவர் டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, வாஷ்பேசினுக்குப் போடும் 32 மி.மீ. நெளி ஹோஸ் ஒன்று, டிராப்பை விட்டுவிட்டு நேராக 75 மி.மீ. கழிவுக்குழாய்க்குள் செருகப்பட்டிருந்தது. செருகிய வாயைச் சுற்றி அப்பியிருந்த வெள்ளை சிமெண்ட், விரல் பட்டதும் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. இதைவிட மோசம், தொட்டி நிரம்பும்போது மிகுநீரை வடிக்கும் ஓவர்ஃப்ளோ குழாய்: தொழிற்சாலையில் மாட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல், எதனுடனும் சேராமல் தொட்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வாரத்திலிருந்தே வீசிய சாக்கடை நாற்றத்துக்கும் காரணம் இதுவே. டிராப்பில் தேங்கி நிற்கும் 50 மி.மீ. நீர்தான் கழிவுக்குழாயின் வாயுவைத் தடுக்கிறது. டிராப்பே இல்லாத இணைப்பில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் ஃபினாயில் ஊற்றச் சொன்ன அந்த மனிதர், படங்களை அனுப்பிய பிறகு, உத்தரவாதம் தொட்டிக்குத்தான், பைப்புக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

இத்தகைய வேலை செய்யவிருப்பவர்கள், பக்கச்சுவர் எழும்புவதற்கு முன்பே தொட்டியை ஓவர்ஃப்ளோ துளை வரை நிரப்பி, சிறிது நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்தே வைத்திருந்து, பிறகு மொத்த நீரையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது சோதனையே அல்ல. 75 மி.மீ. குழாயை மாற்ற நேர்ந்தால், அதன்மேல் ஐஎஸ் 13592 என்ற எண்ணுடன் டைப் பி என அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரியது. வேஸ்ட் கப்ளிங் (வடிதுளையில் பொருத்தும் இணைப்பு) இருக்கும் பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய சிறு கதவு வைக்கச் சொல்லுங்கள். அழகு கெடும் என்று எங்களிடம் சொல்லி அதைத் தவிர்த்தவரும் இதே ஒப்பந்ததாரர்தான். என்ன மறைக்க வேண்டியிருந்தது என்பது இப்போது புரிகிறது.

வேறொரு பிளம்பரைக் கொண்டு எல்லாவற்றையும் திருத்திவிட்டோம். கீழ்வீட்டுக் கூரைக்கான செலவையும் சேர்த்துக் கேட்டு ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதாக இருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.