பழைய ஏடிவி வாங்கப் போகிறவர்கள் ஒருக்கா இதை வாசித்துவிட்டுப் போங்கள்

நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்ராறியோவில் பான்குரொஃப்ட் பக்கம் ஒரு காணி வாங்கி வைத்திருக்கிறோம். விறகு இழுக்க, தண்ணீர் ஏற்ற, பனி வழிக்க என்று ஒரு ஏடிவி, அதாவது காட்டுப் பாதையில் ஓடுகிற நாலு சில்லு வண்டி, தேவைப்பட்டது. புதிது எடுக்கக் காசு காணாது என்பதால் மே மாதம் 5,500 டொலருக்குப் பழையது ஒன்று வாங்கினோம். ஐந்நூறு சீசீ, நாலு சில்லும் இழுக்கிற வண்டி. விற்றவர் தமிழ் ஆள். அவர் பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் நாலைந்து வருடமாக இதே வேலையைத்தான் செய்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பார்க்கப் போனபோது வண்டி பளபளவென்று நின்றது. பிளாஸ்டிக் எல்லாம் ஏதோ எண்ணெய் தெளித்துத் துடைத்தது போல மினுங்கியது. எஞ்சினுக்குக் கிட்டக் கையைக் கொண்டு போனால் சூடு. கேட்டதற்கு, "இப்பதான் அண்ணை பின்வளவுக்குள்ள ஒருக்கா ஓடிப் பாத்தனான், உங்களுக்குக் காட்டவேணுமெண்டு" என்றார். நானும் நல்ல பிள்ளை என்று நினைத்தேன். ஒரு தட்டில் எடுபட்டது, புகை இல்லை, சத்தமும் இல்லை. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன், தேன் மாதிரிச் சுத்தமாக இருந்தது. "பனி வழிக்கிற பிளேட் ஒண்டும் பூட்டேல்ல, தண்ணிக்குள்ளயும் இறக்கேல்ல, உங்களுக்கெண்டபடியாத்தான் இந்த விலை" என்றார்.

கடதாசி வேலையில் நான் பிழை விடவில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கிற இலக்கத்தையும் பெர்மிட்டில் (வண்டியின் பதிவுக் கடதாசியில்) உள்ளதையும் ஒப்பிட்டேன், அந்த இலக்கத்தை வைத்து வண்டியில் கடன் ஏதும் நிற்கிறதா என்று தேடினேன், வாங்கிய ஆறு நாளுக்குள் என் பெயருக்கு மாற்றித் தகடும் எடுத்தேன். காணிக்கு வெளியே ஓட இன்சூரன்ஸ் வேண்டும் என்பதால் அதையும் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. பழுது முழுவதும் இரும்புக்குள் இருந்தது.

இரண்டு வார இறுதி நன்றாக ஓடியது. மூன்றாவது முறை விறகுப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு ஏற்றத்தில் போகையில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை, ரப்பர் எரிகிற மணம். நிறுத்திவிட்டுப் பார்க்கச் சூட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் காலையில் எடுத்தபோது பின்னால் நீலப் புகை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. அது குளிர்ந்து கிடந்து எடுக்கும்போதுதான் வடிவாகத் தெரியும், நாங்கள் பார்க்கப் போன அன்று எஞ்சினை ஏன் சூடாக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அங்கேயே இருக்கிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை, நேரே பின் டிஃபரன்ஷியலின், அதாவது பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற கியர்ப் பெட்டியின், அடித்திருகைக் கழற்றினார். வடிந்தது ஒயில் இல்லை, பால்தேத்தண்ணி. அதே நிறம், அதே தடிப்பு. தண்ணீர் கலந்தால் ஒயில் அப்படித்தான் ஆகும். எஞ்சின் ஒயிலை மாற்றிவிட்டு விற்கிறவர்கள் டிஃபரன்ஷியலை மறந்துவிடுவார்கள் என்றார். பிறகு சீற்றைத் தூக்கி, காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்துக் காட்டினார். ஃபில்டருக்கு முன்னால் சேறு இருந்தால் பரவாயில்லை. எங்கள் வண்டியில் ஃபில்டருக்கு அப்பால், எஞ்சினுக்குப் போகிற சுத்தமான பக்கத்தில், சாம்பல் நிறக் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது, அதற்குள் ஒரு புல்வேரும் கிடந்தது. அந்த மண்தான் உள்ளே போய், ஒயிலை மேலே ஏறி எரியவிடாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்கைத் தின்றிருக்கிறது. முன் விளக்கின் கண்ணாடிக்கு உள்பக்கம் நேராக ஒரு சேற்றுக் கோடு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு நின்றிருக்கிறது. அதாவது வண்டி தாழ்ந்திருக்கிறது. சீற்றைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், நான் தூக்கவில்லை.

பிளேட் பூட்டவில்லை என்றதும் பொய். அடிச்சட்டத்தில் அதன் பிடி இருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து இரும்பு தெரிந்தது. இதை நான் மீற்றரைப் பார்த்தே பிடித்திருக்கலாம். ஓடிய தூரம் 2,900 கிலோமீற்றர், எஞ்சின் வேலை செய்தது 610 மணி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஐந்து கிலோமீற்றர்கூட இல்லை. காட்டுப் பாதையில் ஓடிய வண்டி என்றால் பத்துப் பதினைந்தாவது வரும். தூரத்தைக் கேட்டுவிட்டுக் குறைவாக ஓடியது என்று சந்தோஷப்படாதீர்கள், மணிக்கணக்கையும் கேளுங்கள். ஊர்ந்து ஊர்ந்து பனி தள்ளியதில், எஞ்சினின் இழுவையைச் சில்லுப் பக்கம் கொண்டு போகிற ரப்பர் பெல்ட் கருகிக் கண்ணாடி போல மினுங்கியது, கிளட்ச் தேய்ந்துபோயிருந்தது. ரேடியேற்றருக்குள் சேறு அடைத்து விசிறியும் சுற்றவில்லை. வாங்கும்போது பத்து நிமிடம் நிற்பாட்டாமல் விட்டு விசிறி தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று பார்த்திருந்தால் இது அங்கேயே தெரிந்திருக்கும்.

பெல்ட் என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். பொலாரிஸ், கான்-ஆம் மாதிரியான வேலை வண்டிகளில் பெல்ட்தான் இழுக்கிறது. ஹொண்டாவின் ரான்சர், ஃபோர்மன் எல்லாம் பெல்ட் இல்லாமல் கியரில் ஓடுகிறவை. பெல்ட் கெட்டது என்று சொல்ல வரவில்லை, பெல்ட் வண்டி என்றால் அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் பெயரிங்கோ, சில்லைப் பிடித்திருக்கிற "போல்-ஜொயின்ற்" என்கிற உருண்டை மூட்டோ போய்விட்டது. அச்சு முனையில் இருக்கிற ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்தால் கிறீஸ் வெளியே, மண் உள்ளே, பிறகு திரும்பும்போது டக் டக் என்று கேட்கும். விற்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று. போனவுடன் கையை வையுங்கள். சூடாக இருந்தால் கதைக்காமல் திரும்பி வாருங்கள், எவ்வளவு தூரம் ஓடிப் போயிருந்தாலும் சரி.

எஞ்சின் திருத்த மட்டும் 3,200 டொலர் கேட்டார்கள். விற்றவருக்கு ஃபோன் எடுத்தேன். முதல் தடவை, "பழைய சாமான் எண்டால் அப்பிடித்தான் அண்ணை, நீங்கள் ஓட்டின விதமோ தெரியாது" என்றார். படங்களை அனுப்பினேன். அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். விற்பனைக் கடதாசியில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருந்தது, அவர் சொன்ன வாக்குறுதி எதுவும் அதில் இல்லை. தண்ணீரில் தாழவில்லை, பிளேட் பூட்டவில்லை என்று அவர் கையாலேயே அதில் எழுதி வாங்கியிருந்தால் இன்று என் கையில் ஏதாவது இருந்திருக்கும். மூன்று குடும்பத்துக் காசு அது. மற்ற இரண்டு வீட்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு வலி.

போன கிழமை அந்த விற்றவருடைய அதே கராஜ் கதவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தோடு ஒரு பச்சை நிற வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 4,800. அதைப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பின் டிஃபரன்ஷியலின் திருகைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.