அலசுவதா, அமிலம் ஓட்டுவதா, கழற்றுவதா: கஸ்டம் லூப் பராமரிப்பில் மூன்று வழிகள்

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிய கணினி நீர்க்குளிர்விப்புச் சுற்று, அதாவது கஸ்டம் லூப், ஓராண்டு ஓடிய பிறகு அதை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. பழைய திரவத்தை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரை இரண்டு மூன்று முறை ஓட்டி அலசி, மீண்டும் நிரப்புவது முதலாவது. துப்புரவுக் கரைசல் ஒன்றைச் சுற்றுக்குள்ளேயே ஓடவிடுவது இரண்டாவது. பாகங்களைக் கழற்றி, பிளாக்குகளை, அதாவது சிப்பின் மேல் அமர்ந்து உள்ளே ஓடும் நீரால் அதன் வெப்பத்தை வாங்கும் பாகங்களை, திறந்து, கையால் துலக்குவது மூன்றாவது. உழைப்பு படிப்படியாகக் கூடுவதாகத் தோன்றும் வரிசை இது. ஆனால் பலனும் அதே வரிசையில் கூடுவதில்லை. நடுவில் உள்ள வழிதான் மூன்றிலும் அதிகமாகப் புகழப்படுவதும், பெரும்பாலோருக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் என்பது என் கருத்து.

அழுக்கு எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சி.பி.யு பிளாக்கின் செம்புத் தகட்டில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், நுண்கால்வாய்கள் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன. கிராபிக்ஸ் சிப்புக்கான ஜி.பி.யு பிளாக்கைத் தவிர, சுற்றில் வேறெங்கும் இவ்வளவு குறுகிய வழி கிடையாது; ரேடியேட்டரின் தட்டைக் குழாய்கள்கூட இவற்றோடு ஒப்பிட்டால் அகலமானவையே. ஆகவே ரேடியேட்டரின் உள்ளிருந்து கழன்ற ஃப்ளக்ஸ் (பற்றவைப்புக்குப் பயன்படும் பற்றாசு) மிச்சமோ, மென்குழாயிலிருந்து கசிந்த நெகிழ்வூட்டியோ (பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் சேர்மானம்), நிறத் திரவத்திலிருந்து பிரிந்த துகளோ, பாசியோ, எது கிளம்பினாலும் டீ வடிகட்டியில் தூள் தங்குவதுபோல இந்தக் கால்வாய்களில்தான் வந்து தங்கும். திரவத் தொட்டியான ரிசர்வாயர் தெளிந்திருப்பதை வைத்துப் பிளாக்கும் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

முதல் வழியான அலசுதல் எளிமையானது. பவர் சப்ளையின் 24 முனை இணைப்பியை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பிக்குரிய முனையையும் கறுப்புக் கம்பிக்குரிய முனைகளில் ஒன்றையும் இணைத்துவிட்டால், கணினி இயங்காமல் பம்ப் மட்டும் ஓடும். மற்ற பாகங்களுக்கு மின்சாரம் போகாதபடி அவற்றின் கேபிள்களையும் எடுத்துவிட வேண்டும். பம்ப் ஒருபோதும் வறண்டு ஓடக்கூடாது, டி5, டி.டி.சி ஆகிய இரு பம்ப் வகைகளிலுமே உள்ளிருக்கும் தாங்கிக்கு நீர்தான் மசகு. அடியில் வடிகுழாய் வைத்துக் கட்டியிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். வளைத்துப் பூட்டிய கடினக் குழாய்களைத் தொடவே வேண்டாம். குறை என்னவென்றால், ரேடியேட்டரின் மூலைகளில் பழைய திரவம் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. கணினிப் பெட்டியைச் சாய்த்துக் குலுக்கினாலும் முழுதும் வராது. அதைவிடப் பெரிய குறை, கால்வாய்களில் ஒட்டியிருக்கும் பிசுக்கை வெறும் நீரோட்டம் பெயர்க்காது என்பது. வெண்ணிற ஒளிபுகாத் திரவம் ஊற்றி ஓட்டிய என் பழைய கணினியை மூன்று முறை அலசினேன். வெளிவந்த நீர் குடிநீர்போலத் தெளிந்தது, சி.பி.யு வெப்பமோ இறங்கவே இல்லை. பிளாக்கைத் திறந்தபோது, கால்வாய்களின் நடுப்பகுதி முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல அடைத்திருந்தது.

இரண்டாவது வழியில் தயார்நிலைக் கரைசல்களும் வீட்டு அமிலங்களும் போட்டியிடுகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த மேஹெம்ஸ் நிறுவனத்தின் பிளிட்ஸ் தொகுப்பு இவற்றில் பெயர்பெற்றது. அதன் முதல் பகுதி பாஸ்போரிக் அமிலம். அது தனியே கழற்றி வைத்த ரேடியேட்டருக்கு மட்டுமே உரியது. இரண்டாம் பகுதிதான் சுற்றில் ஓடவிடுவதற்கு உரியது. இந்தப் பிரிவினையை மறந்து முதல் பகுதியைச் சுற்றுக்குள் ஊற்றினால் பிளாக்கின் நிக்கல் பூச்சுக்கு ஆபத்து. வீட்டு அமிலங்களில் வினிகரும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலமும் முன்னிற்கின்றன. செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது நடப்பதும் இதே வேதிவினைதான், மேலைநாட்டினர் செம்பு பிளாக்கில் தக்காளி கெட்சப் தடவுவதும் இதற்காகத்தான். ஆனால் புளி குடத்துக்குப் பொருந்துவதைப்போல எல்லாப் பிளாக்குக்கும் பொருந்தாது. நிக்கல் பூசிய தகட்டில் அமிலத்தை ஊறவிட்டால் பூச்சு மங்கும், விளிம்புகளில் உரியவும் கூடும். அலுமினியப் பாகம் இருந்தாலும் அமிலம் ஆகாது, ஈ.கே நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ஃப்ளூயிட் கேமிங் வரிசை முழுக்க அலுமினியத்தால் ஆனது என்பதால், பழைய கணினியை வாங்கியவர்கள் பிளாக் எந்த உலோகம் என்று உறுதிசெய்துகொள்ளாமல் எதையும் ஊற்றக்கூடாது.

உலோகம் பொருந்தினாலும் அமிலத்தை அடுத்து இன்னொரு வேலை காத்திருக்கிறது. அமிலத்தின் மிச்சம் சுற்றில் நின்றுவிட்டால், புதிதாக ஊற்றும் கூலண்டின் அரிப்புத் தடுப்பிகளை அது செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே சமையல் சோடா கலந்த நீரால் ஒருமுறையும், அதன்பின் காய்ச்சி வடித்த நீரால் பலமுறையும் அலசியாக வேண்டும். நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், பிளாக்கைக் கழற்றித் துலக்குவதைவிட இது குறைவில்லை. மேலும், நெகிழ்வூட்டிப் பிசுக்கு உப்புப் படிவு அல்ல, எண்ணெய்த் தன்மை கொண்டது. அமிலம் அதைத் தொடுவதே இல்லை. புது ரேடியேட்டரை முதன்முறை பூட்டுவதற்கு முன், உள்ளிருக்கும் ஃப்ளக்ஸை வெளியேற்றுவதற்கு மட்டும் வேதிக் கழுவலை நான் ஏற்கிறேன். அங்கும் ரேடியேட்டரைத் தனியே வைத்துச் சுடுநீர் ஊற்றிக் குலுக்கினாலே பெரும்பகுதி வந்துவிடும். பூட்டிய சுற்றுக்குள் சுடுநீரை விடுவது வேறு கதை. பம்புகளுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை, பி.இ.டி.ஜி பிளாஸ்டிக்கால் ஆன கடினக் குழாயும் சூட்டில் இளகி, அதைப் பிடித்திருக்கும் இணைப்பான ஃபிட்டிங்கிலிருந்து நழுவும்.

கழற்றித் துலக்குவதில் முக்கியமானது சி.பி.யு பிளாக்தான். திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மெல்லிய தகடும் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிப் பூட்டும்போது நடக்கும் தவறுகளில் பாதி இதனால் தவிரும். மென்மையான பல்துலக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான நீர், இவையே போதும். கால்வாய்களின் திசையிலேயே துலக்க வேண்டும், குறுக்கே அல்ல. அக்ரிலிக் மூடியின் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் படவிடக் கூடாது. துடைத்தவுடன் பளிச்சென்று தெரிந்தாலும், மயிரிழை விரிசல்கள் பிறகு தோன்றும். ஜி.பி.யு பிளாக்கையும் கூடவே கழற்ற வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிராபிக்ஸ் அட்டையிலிருந்து அதை எடுக்கும்போதெல்லாம் வெப்பக் கடத்தல் பேடுகள் கிழிகின்றன, அவற்றை அதே தடிமனில் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. சி.பி.யு பிளாக் சுத்தமாக இருந்தால் ஜி.பி.யு பிளாக்கை அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம், சி.பி.யு பிளாக்கில் அடைப்பு இருந்தால் மட்டுமே அதையும் திறக்கிறேன்.

எந்த வழி வேண்டும் என்பதை உண்மையில் தீர்மானிப்பது, சென்ற முறை ஊற்றிய திரவமும் பூட்டிய குழாயும். காய்ச்சி வடித்த நீரில் கிருமிக்கொல்லியும் அரிப்புத் தடுப்பியும் சேர்ப்பது மலிவானது. அளவு தவறினால் பொறுப்பு நம்முடையது. கிளைக்கால் கலந்து வரும் தெளிந்த தயார்நிலைக் கூலண்ட் விலை கூடியது என்றாலும் ஓராண்டுக்குக் கவலையில்லை. அதில் தண்ணீர் சேர்த்து அளவைப் பெருக்குவது சிக்கனமே அல்ல, ஏனெனில் செறிவு குறைந்த கிளைக்கால் கிருமிகளை அடக்கும் திறனை இழந்துவிடுகிறது. பால்போன்ற ஒளிபுகாத் திரவங்களில் நிறம் தருவது மிதக்கும் நுண்துகள்களே. இவற்றை ஊற்றுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துலக்கும் உழைப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். மினுமினுக்கும் அரோரா வகையோ காட்சிக்கு மட்டுமே உரியது என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

குழாயில் பி.வி.சி மென்குழாய்க்கும் இ.பி.டி.எம் கறுப்பு ரப்பர் குழாய்க்கும் இடையிலான வேறுபாடு இதைவிடப் பெரிது. முன்னதிலிருந்து நெகிழ்வூட்டி மாதக்கணக்கில் கசிகிறது; பின்னதில் அந்தத் தொல்லை இல்லை, அழகும் இல்லை. தண்ணீர் எது என்பதிலும் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. ஆர்.ஓ இயந்திரத்தின் நீர் தூய்மையானதுதானே என்று பலர் ஊற்றிவிடுகிறார்கள். குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்பதற்காகப் பல இயந்திரங்கள் கொஞ்சம் உப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கின்றன. கறுப்புத் தட்டில் ஒரு சொட்டை உலரவிட்டால் தெரியும் வெள்ளை வளையமே சாட்சி. பேட்டரி தண்ணீர் என்று விற்கப்படுவதில் உப்பு நீக்கிய நீரை நம்பலாம், ஆனால் அதையும் இதே தட்டுச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே ஊற்ற வேண்டும்.

ஆக, இ.பி.டி.எம் குழாயும் தெளிந்த கூலண்டும் கொண்ட சுற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அலசலே போதும், சி.பி.யு பிளாக்கை இரண்டாவது ஆண்டில் திறந்தால் சரி. பி.வி.சி மென்குழாயும் நிறத் திரவமும் இருந்தால் அலசல் கண்துடைப்பு மட்டுமே, கழற்றியே ஆக வேண்டும். சிக்கலானது கடினக் குழாயும் ஒளிபுகாத் திரவமும் சேர்ந்த சுற்று. பிளாக்கை எடுக்க இரண்டு மூன்று குழாய்களை உருவ வேண்டும், ஒவ்வொரு முறையும் ஃபிட்டிங் ஓ-ரிங்குகள் கீறுபட வாய்ப்புண்டு. மலிவுப் பிரதிகளை விட்டுவிட்டு, கூலன்ஸ் நிறுவனத்தின் கியூ.டி3 போன்ற நம்பகமான விரைவு இணைப்பான்களைப் பிளாக்கின் இருபுறமும் வைத்தால், சுற்றை வடிக்காமலே பிளாக்கை மட்டும் எடுக்கலாம். நீரோட்டத்தை அவை சற்றுக் குறைப்பது உண்மை. டி5 பம்ப் ஒன்று இருந்தால் அந்த இழப்பு வெப்பத்தில் தெரியாது.

எந்த வழியில் சென்றாலும் திறந்த சுற்றை மூடிய பின் கசிவுச் சோதனை உண்டு. நீர் நிரப்பி, மூட்டுகளில் தாள் துடைப்பான் சுற்றி, பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது பழைய முறை. கைப்பம்பும் அழுத்தமானியும் கொண்ட கருவியால் காற்றை அடைத்து முள் இறங்குகிறதா என்று பார்ப்பது புதிய முறை. பிந்தையதில் தவறு காற்றோடு போய்விடுகிறது, மதர்போர்டு நனைவதில்லை. ஓ-ரிங் மடங்கியிருப்பதை எனக்கு இருமுறை காட்டிக்கொடுத்தது அந்த முள்தான். இரண்டுமே பிளாக்கைத் திறந்து மூடிய மாலைகளில் நடந்தவை.