ஐந்து ஊருக்கு ஒரே ஐ.பி. திட்டம்: ஐந்து வருட அனுபவம்

காரைக்குடியில் தலைமைக் கடை, தேவகோட்டையில் கிளை, புதுவயலில் அரிசி ஆலை, கானாடுகாத்தானில் விருந்தினர் தங்கும் பழைய வீடு. ஒரே குடும்பத்தின் இந்த நான்கு இடங்களுக்கும் நெட்வொர்க் பார்ப்பது நான்தான். முதலில் எல்லா ஊரிலும் ரவுட்டர் பெட்டியில் வந்த 192.168.1.0 என்ற ஐ.பி. முகவரி வரிசைதான் (நெட்வொர்க்கில் கருவிகளுக்குத் தரும் எண்கள்) ஓடியது. தனித்தனியாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை.

இணையத்தின் வழியே ஊர்களைச் சேர்க்கும் தனிப் பாதையான வி.பி.என். டன்னல் போட்டு இணைத்த அன்றுதான் சிக்கியது. தேவகோட்டையில் உட்கார்ந்து, ஆலையில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் சர்வரான 192.168.1.50 பதில் தருகிறதா என்று பிங் அடித்துப் பார்த்தேன். பதில் வந்தது, ஆனால் டேலி திறக்கவில்லை. அரை நாள் ஃபயர்வாலைக் குடைந்த பிறகுதான் நேரத்தைக் கவனித்தேன்: ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. டன்னல் வழியாகப் புதுவயல் போய்த் திரும்பும் பாக்கெட் (தகவல் துண்டு) அவ்வளவு வேகமாக வராது. அதே எண்ணோடு பதில் சொன்னது கடை வாசலில் மாட்டியிருந்த கைரேகை மெஷின்! தன் சப்நெட்டுக்குள் (தன் ஊர் நெட்வொர்க்கின் முகவரி வரிசைக்குள்) இருக்கும் முகவரியை எந்தக் கம்ப்யூட்டரும் ரவுட்டரிடம் கொடுக்காது. டன்னல் சரியாக இருந்தும் அதில் ஒரு பாக்கெட்கூட நுழையவில்லை.

எல்லாவற்றையும் கலைத்து, 10.40.0.0/16-ஐ (65,536 முகவரிகள்) எடுத்து ஊருக்கு ஒரு /20 (4,096 முகவரிகள்) பிரித்தேன். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடினால் தொகுதி சிறிதாகும். காரைக்குடிக்கு 10.40.0.0, தேவகோட்டைக்கு 10.40.16.0, புதுவயலுக்கு 10.40.32.0, கானாடுகாத்தானுக்கு 10.40.48.0. கிளை ரவுட்டர்களில் ஒரே வரிதான்: 10.40.0.0/16 முழுவதும் டன்னல் வழியே காரைக்குடிக்கு. அதன் அருமை ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை சேர்ந்தபோது தெரிந்தது. காரைக்குடியில் மட்டும் 10.40.64.0/20-க்கு ஒரு ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற வரி) போட்டேன், மற்ற மூன்று ஊரிலும் கை வைக்கவே இல்லை. இந்த அளவுக்கு, கையால் எழுதும் ஸ்டேடிக் ரூட்டே போதும். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டாவது லைன் வந்தால் ரவுட்டர்களே வழியைக் கண்டுகொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். பக்கம் போகலாம்.

இதில் ஒன்றை மறக்காதீர்கள். கிளையின் /20-க்குள் இன்னும் பயன்படுத்தாத முகவரிக்கு யாராவது பாக்கெட் அனுப்பினால், கிளை அதைக் காரைக்குடிக்குத் தள்ளும், காரைக்குடி திருப்பிக் கிளைக்கே தள்ளும். டி.டி.எல். (ஒரு பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) தீரும்வரை இதே பந்தாட்டம்தான். கிளை ரவுட்டரிலேயே அந்த /20-க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட் (போக இடமில்லாத பாக்கெட்டை அங்கேயே எறிந்துவிடும் வரி) போட்டால் நின்றுவிடும்.

கானாடுகாத்தான் வீட்டுச் சுவர்களை வைஃபை தாண்டாது. முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று என்று ஆக்சஸ் பாயின்ட் வைத்தோம். ஒரு கல்யாணத்தன்று, "தம்பி, யாருக்கும் நெட் ஏறலையாம், மாப்பிள்ளை வீட்டார் கேக்குறாக" என்று ஆச்சி போன் செய்தார்கள். விருந்தினருக்கான 10.40.56.0/24-இல் 253 முகவரிகளும் தீர்ந்திருந்தன, லீஸ் (ஒரு போனுக்குக் கொடுத்த முகவரி அதனிடமே இருக்கும் காலம்) 24 மணி நேரம். அடுத்த 10.40.57.0-ஐக் காலியாக விட்டிருந்ததால் இரண்டையும் சேர்த்து /23 ஆக்கி, லீஸை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். பத்து நிமிட வேலை. இடைவெளி விட்டுப் பிரிப்பது வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிளைகளின் பிராட்பேண்டில், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது ஐ.பி. கிடைக்கவில்லை. ரவுட்டரின் வான் (வெளிப்பக்க இணைய) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் அது சி.ஜி.நாட், அதாவது ஒரே பொது ஐ.பி.யைப் பலருக்குப் பகிர்ந்து தரும் ஏற்பாடு, வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அதனால் காரைக்குடியில் மட்டும் மாறாத ஸ்டேடிக் ஐ.பி. வாங்கி, டன்னலைக் கிளைகளே தொடங்கும்படி வைத்தேன்.

எனக்கு ஒரே வருத்தம் /20-தான். கேமரா முகவரிகளின் மூன்றாம் எண் தேவகோட்டையில் 20, புதுவயலில் 36, கானாடுகாத்தானில் 52, அதாவது ஊரின் தொடக்க எண்ணோடு 4. ஆலை ஊழியரிடம் போனில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஒரு /16 கொடுத்திருந்தால் இரண்டாம் எண் ஊர், மூன்றாம் எண் வேலை என்று பார்த்ததுமே புரியும். 10.0.0.0/8-இல் 1,67,77,216 முகவரிகள் இருக்கின்றன, நான் சிக்கனம் பிடித்திருக்க வேண்டியதில்லை. இப்போது மாற்றினால் பிரின்டர், கேமரா, தராசு எல்லாவற்றையும் தொட வேண்டும்.

பள்ளத்தூரில் குடோன் எடுக்கும் பேச்சு நடக்கிறது. அதற்கு 10.40.80.0/20 என்று நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.