மட்டத்தேளுக்கென்று வாங்கிய பூச்சித்தூள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கடையில் "மட்டத்தேள் (பூரான்), கரப்பான் எல்லாம் சாகும் அண்ணை" என்று தந்தார்கள், போத்தல் 650 ரூபாய். ஐந்துக்கு இரண்டு புள்ளி தரலாம், அந்த இரண்டும் கரப்பானுக்குத்தான்.

மாரி தொடங்கி வளவுக்குள் தண்ணீர் நின்றதும் விறாந்தை ஓரமாக வடிவாகக் கோடு போட்டேன். இரவு ரோச் லைற் அடித்துப் பார்த்தால் ஒரு சாணுக்குக் கிட்ட நீளமான ஒன்று, 21 சோடிக் கால்களும் அலை அலையாக அசைய, கோட்டுக்கு மேலாலேயே போய்ச் செருப்புக்குள் பூந்தது. அதன் தோல் உடம்பு ஈரத்தைப் பிடித்து வைக்காது, காய்ந்துபோகாமல் இருக்க ஈரம் தேடித்தான் அலையும், இந்தத் தூளோ ஈரம் பட்டதும் கட்டியாகிவிடுகிறது, பிறகு என்ன பிரயோசனம்? கடி என்கிறோமே, அதுகூட வாயால் இல்லை, தலைக்குக் கீழே நச்சுக் கொடுக்காக மாறிய முன்கால் சோடியால். உயிரோடு பிடிக்கும் கரப்பான் போன்ற பூச்சிகள்தான் அதன் சாப்பாடு, அது வேறு கதை.

சுவரோரம் கிடந்த கல்லையும் பழைய கிடுகையும் அகற்றிய பிறகுதான் வரவு குறைந்தது. மிச்சத் தூளை எறும்புக்குப் போடுகிறேன்.