விளம்பரமா, மானியமா, மாசச் சந்தாவா? மக்களே எழுதுற செய்தித் தளம் எதுல ஓடும்

நாங்க ஒரு சின்ன கூட்டுச் செய்தித் தளம் நடத்துறோம். எழுதுறது முழுக்க வாசகர்கள்தான், நாங்க சரிபார்த்துப் போடுறோம். பணத்துக்கு மூணு வழியும் முயற்சி பண்ணி இப்போ மாசச் சந்தாவுல நிக்கிறோம், அதனால நான் அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், முதல்லயே சொல்லிட்டேன்.

விளம்பரத்தை சீக்கிரம் முடிச்சிடுறேன். க்ளிக் வேணும், க்ளிக் வேணும்னா பரபரப்பு வேணும், மக்கள் அனுப்புற செய்தியில பாதி குடிதண்ணி, குப்பை, பஸ் டைமிங், அதுல எங்க பரபரப்பு? நாலு மாசத்துல வந்த காசு சர்வர் வாடகைக்கே பத்தல. நாலு மாசத்தை வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாதுதான். ஆனா அமெரிக்காவுல 2005ல பேக்ஃபென்ஸ்னு ஒண்ணு, அந்தந்த ஊர்க்காரங்களே எழுதுறது, உள்ளூர் விளம்பரத்தை நம்பி ஆரம்பிச்சாங்க, 30 லட்சம் டாலர் முதலீடு வேற இருந்துச்சு, 2007லயே மூடிட்டாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். "எல்லாரும் சும்மா எழுதித் தர்றாங்க, உங்களுக்கு என்னய்யா செலவு?"னு கேக்காத ஆளே இல்ல. ஒருத்தர் ஒரு பாலத்துத் தூண்ல விரிசல்னு ஒரு போட்டோவும் நாலு வரியும் அனுப்பினார். எங்க எடிட்டர் அந்தப் படம் பழசானு இணையத்துல தேடினார், ஒண்ணும் சிக்கல. அனுப்பினவருக்கு போன் போட்டு ஒரிஜினல் ஃபைல் கேட்டா அவருக்கு வாட்ஸ்அப்ல வந்ததுதானாம், எடுத்தவர் அவரோட மச்சான். மச்சானைப் பிடிச்சு, பக்கத்துல இருக்குற விளக்குக் கம்பமும் தெரியுற மாதிரி இன்னொரு படம் கேட்டோம், அது மறுநாள் காலையில வந்துச்சு. அதை ஒரு சிவில் இன்ஜினியர்கிட்ட காட்டினா, விரிசல் நிஜம்தான், ஆனா மேல் பூச்சுல மட்டும் இருக்குற மாதிரி தெரியுது, நேர்ல பாக்காம தூணைப் பத்தி எதுவும் எழுதாதீங்கன்னார். கடைசியில வந்தது மூணு வரிச் செய்தி, போனது ஒன்றரை நாள்.

இதுதாங்க கணக்கு. மத்த பத்திரிகையில எழுதுறவருக்கு சம்பளம், இங்க எழுதுறவர் இலவசம், ஆனா ஒவ்வொரு இலவச செய்தியும் ஒரு எடிட்டரோட நேரத்தைத் தின்னும். எழுதுறவங்க கூடக்கூட செலவும் கூடும். அதுவும் ஒரு தடவை செலவு இல்ல, மாசாமாசம் வர்ற செலவு. வீட்டு வாடகை மாதிரி. லாட்டரி விழுந்த காசுல ஒரு வருஷம் வாடகை கட்டலாம், அப்புறம்?

மானியம், அதாவது அறக்கட்டளை மாதிரி அமைப்புங்க குடுக்குற காசு, அந்த லாட்டரிதான். எங்களுக்கு ரெண்டு வருஷம் ஒண்ணு கிடைச்சது, நன்றிகெட்டுப் பேசல, அது இல்லேன்னா ஆரம்பிச்சிருக்கவே மாட்டோம். ஆனா விண்ணப்பத்துல எப்பவும் "புதுசா என்ன செய்யப்போறீங்க?"ங்கற கேள்வி இருக்கும். போன வருஷம் செஞ்ச அதே சரிபார்ப்பை ஒழுங்கா தொடர்ந்து செய்யப்போறோம்னு எழுதினா யாரும் தரமாட்டாங்க. மானியம் முடிஞ்ச மாசமே எடிட்டர் வேற வேலைக்குப் போயிட்டார், புது ஆளைப் பழக்க ஆறு மாசம். சில பேருக்கு மானியத்துல கொள்கைச் சண்டையே வந்திருக்கு. 1999ல அமெரிக்காவோட சியாட்டில்ல உலக வர்த்தக அமைப்புக்கு எதிரா நடந்த போராட்டத்துல பிறந்த, பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்த செய்தி வலையமைப்பான இண்டிமீடியாவுல, 2002ல ஃபோர்டு அறக்கட்டளையோட 50,000 டாலரை வாங்கலாம்னு பேச்சு வந்தப்போ அர்ஜென்டினா குழு ஒத்துக்கல, வாங்காமலே விட்டாங்க.

ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியா மக்கள்கிட்ட வசூல் பண்றது இன்னொரு வழி. 2008ல வந்த ஸ்பாட்.அஸ்ங்கற அமெரிக்கத் தளம் அப்படித்தான், பசிபிக் கடல் குப்பை பத்தி அவங்க வாசகர்கள் காசு போட்ட செய்தி நியூயார்க் டைம்ஸ்லயே வந்துச்சு. ஆனா குப்பைக் கடலுக்குப் போற பயணத்துக்கு மனசார காசு தர்றவங்க, ஒரு எடிட்டர் உக்காந்து நாலு போன் போடுறதுக்குத் தருவாங்களா? 2011ல அது வேற நிறுவனத்துக்குக் கைமாறி, அப்புறம் மூடியும் போச்சு.

தென்கொரியாவோட ஓமைநியூஸ் இந்தப் பாடத்தை முழுசா படிச்ச இடம். 2000 பிப்ரவரியில 727 குடிமக்கள் நிருபர்களோட ஆரம்பிச்சாங்க. 2004ல ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதின ஒரே கட்டுரைக்கு வாசகர்கள் சில நாள்ல ரெண்டு கோடி வொன்னுக்கு (தென்கொரிய காசு) மேல அன்பளிப்பு குடுத்தாங்க. 2006ல ஜப்பானோட சாஃப்ட்பேங்க் நிறுவனம் முதலீடு பண்ணுச்சு. இவ்வளவு இருந்தும் விளம்பர வருமானம் சரிஞ்சதும், 2009ல வாசகர்கள்கிட்ட வந்து, மாசம் 10,000 வொன் குடுங்க, லட்சம் பேர் சேருங்கன்னுதான் கேட்டாங்க. லட்சம் பேர் சேரல. ஆனா தளம் நிக்குது.

சந்தாவும் தேன் இல்ல. நெதர்லாந்துல உறுப்பினர் காசுல ஓடுற டி கரஸ்பாண்டன்ட் செய்தித் தளத்தோட ஆங்கிலப் பதிப்பான த கரஸ்பாண்டன்ட்டுக்கு 2018ல 26 லட்சம் டாலர் திரண்டுச்சு, 2020 கடைசியில மூடிட்டாங்க, சேர்ந்தவங்க போதுமான அளவு புதுப்பிக்கல. பிரிட்டன்ல உறுப்பினர்களே உரிமையாளரா இருக்குற பிரிஸ்டல் கேபிள்ங்கற உள்ளூர் செய்தி நிறுவனம் ஓடுது, ஆனா அவங்களும் மானியத்தை விடல. அந்தக் கூட்டுறவு முறையை நாங்க செஞ்சு பாக்கல.

எங்க அனுபவத்துல, செய்தி பிடிக்காம விட்டுப்போனவங்க கொஞ்சம்தான். கார்டு காலாவதியாகி, தனக்கே தெரியாம நின்னுபோனவங்கதான் ஜாஸ்தி. இப்போ ஒவ்வொரு மாசமும் அந்த லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொருத்தருக்கா நானே மெயில் போடுறேன், "உங்க காசுல இந்த மாசம் இந்தப் பாலத்தைப் பார்த்தோம்"னு ஒரு வரி சேர்த்து. பாதிப் பேர் திரும்பி வந்துடுறாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க மானியம் கிடைச்சா வாங்குங்க, ஆனா சந்தா பட்டனை முதல் நாளே வச்சிடுங்க, நாங்க ரெண்டு வருஷம் கழிச்சு வச்சோம். இப்போ வர்ற சந்தாவுல ஒன்றரை எடிட்டருக்கு சம்பளம் குடுக்க முடியுது. அந்த அரை ஆள் நான்தான்.