ஐஎஸ்ஓ 9001 போதுமா, ஐஏடிஎஃப் 16949 வேண்டுமா? மலையகப் பட்டறைகளுக்கு ஒரு கணக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாகனத்துறைக்கான தர முகாமைத்துவச் சான்றிதழான ஐஏடிஎஃப் 16949, பணம் கட்டினால் யாருக்கும் கிடைப்பது இல்லை. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தர முகாமைத்துவச் சான்றிதழான ஐஎஸ்ஓ 9001-ஐத் தேயிலைத் தொழிற்சாலையும் எடுக்கலாம், அச்சகமும் எடுக்கலாம். ஐஏடிஎஃப்புக்கு அப்படி முடியாது. கார், வேன், லொறி, பஸ், மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் கம்பனிக்குப் போய்ச் சேரும் பாகத்தை உங்கள் இடத்திலேயே உற்பத்தி செய்திருக்க வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனையிலேயே நம் பக்கத்துப் பட்டறைகள் பல கழன்றுவிடும். மாத்தளையில் றப்பர் புஷ் அடிக்கும் ஓர் அண்ணன், "தம்பி, அந்த போர்ட மாட்டினா ஓடர் கூடுமா?" என்று கேட்டார். சாமான் எங்கே போகிறது என்று கேட்டேன். "எல்லாம் பஞ்சிகாவத்தைக்குத்தான்" என்றார். அதாவது கொழும்பிலுள்ள மாற்றுப் பாகச் சந்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025-இல் திறக்கும்வரை பழைய வண்டிகளைத்தானே எல்லோரும் ஓட்டித் தீர்த்தோம். அந்த வியாபாரம் நல்ல வியாபாரம்தான். ஆனால் மாற்றுச் சந்தைக்கு மட்டும் செய்பவருக்கு ஐஏடிஎஃப் கொடுக்க மாட்டார்கள். இலங்கை பேர்பெற்ற திண்ம டயர்களுக்கும் இதே கதைதான். ஃபோர்க்லிஃப்ட், சுரங்க வண்டி, டிராக்டர் எல்லாம் அவர்கள் கணக்கில் வாகனமே இல்லை.

சரி, தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 2016 ஒக்டோபரில் வந்த ஐஏடிஎஃப் 16949 தனித்து நிற்காது. ஐஎஸ்ஓ 9001:2015 முழுவதையும் அடியில் வைத்து, அதன்மேல் பிஎம்டபிள்யூ, ஃபோர்ட், வோல்க்ஸ்வாகன் போன்ற கம்பனிகள் ஐஏடிஎஃப் என்ற அமைப்பாகச் சேர்ந்து ஏற்றிய கூடுதல் நிபந்தனைகள் அது. எனவே ஐஎஸ்ஓவுக்காகச் செய்யும் வேலை எதுவும் வீண் போகாது. இரண்டும் மூன்று வருடச் சான்றிதழ், இடையில் கண்காணிப்பு ஓடிட். சான்றிதழ் தரும் ஆள்தான் வேறு. ஐஎஸ்ஓ 9001-ஐ இலங்கைக் கட்டளைகள் நிறுவனமே தருகிறது. ஐஏடிஎஃப்புக்கு அந்த அமைப்பு தானே ஒப்பந்தம் செய்துகொண்ட சான்றளிப்பு நிறுவனங்கள் மட்டும்தான் வரலாம். உள்நாட்டு அங்கீகாரம் மட்டும் இருந்தால் போதாது. அப்புறம், பன்னிரண்டு மாத உள்ளக ஓடிட், முகாமைத்துவ மீளாய்வு, உற்பத்திப் பெறுபேறுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அவை இன்னும் சேராதவருக்கும், வாகனக் கம்பனி விலை கேட்டு ஓடர் மட்டும் வராதவருக்கும் இணக்கக் கடிதம் என்று ஒன்று உண்டு. அது சான்றிதழ் அல்ல, ஆனால் வாங்குபவரிடம் காட்டலாம்.

உண்மையான வித்தியாசம் அளவுக் கருவிகள் இருக்கும் மேசையில்தான் தெரியும். றப்பரின் கடினத்தை ஷோர் ஏ கருவியால் பார்க்கிறீர்கள். ஐஎஸ்ஓ ஓடிட்டர் பெரும்பாலும் கருவியில் அளவுத்திருத்த ஸ்டிக்கர் இருக்கிறதா, திகதி கடந்துவிட்டதா என்று பார்ப்பார். ஐஏடிஎஃப் ஓடிட்டர் அதோடு விடமாட்டார். திருத்திய ஆய்வகத்துக்கு ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உண்டா என்பார். நமக்கு அது பெரும்பாலும் கொழும்புக்குப் பார்சல் கட்டும் வேலை. பிறகு அளவீட்டு முறைப் பகுப்பாய்வைக் கேட்பார். வழக்கமாகப் பத்து சாம்பிளை மூன்று பேர், ஆளுக்கு மூன்று தடவை அளப்பார்கள். அளப்பதில் வரும் வேறுபாடு மொத்த வேறுபாட்டில் பத்து சதவீதத்துக்குள் என்றால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அந்த முறையையே நம்பக் கூடாது. றப்பர் குளிரில் இறுகும். தை மாதத்துக் காலையில் ஹட்டனில் அளந்த வளையத்தை அதே ஆள் மத்தியானம் அளந்தால் எண் மாறலாம். சோதனை அறைக்கு 23 பாகை, கூடக்குறைய 2 என்று நியமம் சொல்வதன் காரணம் இதுதான். மலையில் இதற்கு ஹீட்டர் செலவு ஒன்று தனியாக விழும். எந்தக் கொன்சல்டன்ட்டும் இதை விலைப்பட்டியலில் எழுத மாட்டார்.

அடுத்து அவசரத் திட்டம். ஐஎஸ்ஓ 9001 இடர்களை யோசியுங்கள் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஐஏடிஎஃப்பில் மின்சாரம் போனால், மெஷின் உடைந்தால், இயற்கை அனர்த்தம் வந்தால் வாங்குபவருக்குச் சாமான் எப்படிப் போகும் என்று எழுதி, வருடம் ஒரு தடவையாவது சோதித்தும் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் அறுத்துப் போட்ட பிறகு, இதை வெறும் காகித வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐஎஸ்ஓவோடு நிற்பவர்களும் இந்தப் பகுதியை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பதிவேடுகளிலும் ஐஏடிஎஃப் கறார்தான். பாக அனுமதிக் கோப்புகளைப் பாகம் உற்பத்தியிலும் சேவையிலும் இருக்கும்வரை, அதற்கு மேல் ஒரு வருடமும் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் வைப்பது உங்கள் பாடு.

ஜெர்மன் வாங்குபவர் என்றால் விடிஏ 6.3 என்ற பெயரும் காதில் விழும். அது உற்பத்திச் செயல்முறையை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஓடிட்; 90 சதவீதமும் அதற்கு மேலும் ஏ தரம். அவர் கேட்டால் செய்யுங்கள், கேட்காமல் தேடிப் போக வேண்டாம்.

பலரும் கவனிக்காமல் விடும் மூன்றாவது வழிதான் மலையகச் சிறு பட்டறைக்கு அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் நேரே வாகனக் கம்பனிக்குக் கொடுப்பதில்லை, அதற்குக் கொடுக்கும் பெரிய கம்பனிக்குப் பாகம் கொடுக்கிறீர்கள் என்றால், ஐஏடிஎஃப்பின் 8.4.2.3 பிரிவு படிப்படியாக ஏற அனுமதிக்கிறது. முதலில் ஐஎஸ்ஓ 9001. பிறகு எம்ஏக்யூஎம்எஸ்ஆர் என்ற குறைந்தபட்ச வாகனத்துறை நிபந்தனைகள். அதை வாங்கும் கம்பனியின் ஆட்களே வந்து ஓடிட் செய்வார்கள். சான்றளிப்பு நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எஃப்எம்இஏ (எங்கே பிழைக்கலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), கட்டுப்பாட்டுத் திட்டம் (எந்தக் கட்டத்தில் எதைச் சோதிப்பது என்ற பட்டியல்), பிபிஏபி (மேலே சொன்ன பாக அனுமதி) எல்லாம் கைப்பழக்கத்துக்கு வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் மெஷினில் நிற்கும் இடமென்றால் வேலை அறிவுறுத்தல்களைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஓடிட்டர் மெஷினுக்குப் போய் அவர்களிடம்தான் கேட்பார், ஒஃபிஸில் இருக்கும் கோப்பிடம் அல்ல.

ஐஎஸ்ஓ சான்றிதழை "ரெண்டு கிழமையில எடுத்துத் தாறம்" என்று வரும் ஆட்களும் உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு முதல் ஓடிட்டே ஐந்து ஆள்நாள் (ஒரு ஓடிட்டருக்கு ஐந்து நாள் வேலை) என்பதுதான் சர்வதேச அங்கீகார மன்றத்தின் (ஐஏஎஃப்) அட்டவணை, இடத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூடும் குறையும். கடுதாசியில், சான்றளிப்பு நிறுவனத்தை அங்கீகரிக்கும் சபையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐஏஎஃப் சேர்ட்சேர்ச் என்ற இணையத் தளத்தில் அந்தச் சான்றளிப்பு நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் அகப்படாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.